படலைக்கு வெளியே நின்று கேட்பது: வாசகர் கேள்வி – பதில்

கருத்துக்கணிப்பையும் ஊடகத் தொழிலையும் ஒரே ஆள் செய்வது பற்றி வன்னியில் இருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கடிதம் எழுதியவர்களின் பெயர்களைப் போடவில்லை. காரணம் ஆறாவது பதிலில் இருக்கிறது.

கேள்வி: உயர்தரம் எழுதிவிட்டு இருக்கிறேன். ஊடகவியலாளராகவும் தேர்தல் கருத்துக்கணிப்புச் செய்பவராகவும் வர விருப்பம். கிளிநொச்சியில் இருந்துகொண்டே இதைத் தொழிலாகச் செய்யலாமா? என்ன படிக்க வேண்டும்?
— மாணவி, பரந்தன்

பதில்: செய்யலாம் தங்கச்சி. ஆனால் தேர்தலை நம்பி உலை வைக்க முடியாது. 2024 செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல், நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல், 2025 மேயில் உள்ளூராட்சித் தேர்தல் என்று எட்டு மாதத்துக்குள் மூன்று வந்தது அபூர்வம். மற்றக் காலத்தில் கையில் கிடைப்பது நுண்கடன், குடிநீர், நெல் விலை, மீள்குடியேறிய குடும்பங்களின் வருமானம் பற்றிய வீட்டுக் கணக்கெடுப்புகள்தான். அரசசார்பற்ற நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் கொழும்பு ஆய்வு நிறுவனங்களும் தரும் வேலைகள் அவை. ஆகவே முதல் வேலை வினாக்கொத்துத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவதாக இருக்கும். அதை இரண்டு வருடம் முகம் சுளிக்காமல் செய்யுங்கள். பின்னால் மேசையில் இருந்து வினாக்கொத்து எழுதும்போது எந்தக் கேள்வியில் ஆட்கள் கதிரையை விட்டு எழும்புவார்கள் என்பது அப்போதுதான் தெரியும்.

படிப்பென்றால், யாழ். பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியலும் உண்டு, ஊடகக் கற்கைகளும் உண்டு. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்று வந்தால் புள்ளிவிபரவியலை எடுங்கள். செய்தி எழுதுவதை ஒரு கண்டிப்பான ஆசிரியரிடம் ஆறு மாதத்தில் பழகலாம். மாதிரி வழுவை, அதாவது எல்லோரையும் கேட்காமல் சிலரை மட்டும் கேட்பதால் வரும் பிழையை, எந்தப் பத்திரிகை அலுவலகமும் சொல்லித் தராது. எக்செல், அதற்குப் பிறகு ஆர் (R) என்ற புள்ளிவிபர மென்பொருள், களத்தில் ரப்லெற்றில் பதில்களைப் பதியக் கோபோ ருல்பொக்ஸ் பழகினால் போதும். ஆர் இலவசம், கோபோவையும் காசில்லாமல் தொடங்கலாம். இவற்றோடு சிங்களம் பேசத் தெரிந்திருக்க வேண்டும், மோட்டார் சைக்கிள் லைசன்ஸும் வேண்டும். வவுனியா தெற்கிலும் வெலிஓயாவிலும் சிங்களம் இல்லாமல் படலையைத் தாண்ட முடியாது. துணுக்காய், மாந்தை கிழக்குப் பக்கம் பஸ்ஸை நம்பிப் போனால் ஒரு நாளில் நாலு வீட்டோடு திரும்ப வேண்டிவரும்.

கேள்வி: வன்னி முழுவதற்கும் 400 பேரைக் கேட்டால் போதும், ஐந்து வீதம்தான் பிழை வரும் என்று ஒரு பயிற்சிப்பட்டறையில் சொன்னார்கள். சரியா?
— இளம் ஊடகவியலாளர், முல்லைத்தீவு

பதில்: பாதி சரி. எல்லோருடைய பெயரையும் ஒரு சட்டிக்குள் போட்டுக் குலுக்கி 385 பேரை எடுத்தால், 95 வீத நம்பிக்கை மட்டத்தில் (நூறு தடவை எடுத்தால் 95 தடவை) வழு கூடக் குறைய 5. வன்னியில் யாரும் அப்படி எடுப்பதில்லை, எடுக்கவும் முடியாது. முதலில் கிராம அலுவலர் பிரிவுகளைத் தெரிந்து, பிறகு ஒவ்வொன்றிலும் பத்து இருபது வீட்டைப் பிடிக்கிறோம். கொக்கிளாயில் ஒரே மீன்வாடியில் தொழில் செய்யும் இருபது பேர் இருபது கருத்தைச் சொல்ல மாட்டார்கள். ஒரே படகு, ஒரே சங்கம், ஒரே கோபம்.

இந்த ஒற்றுமைக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு கிராமத்தில் எடுக்கும் ஆட்களின் தொகையில் ஒன்றைக் கழித்து, உள்ளொற்றுமை எண்ணால் (ஒரே கிராமத்தார் எவ்வளவுக்கு ஒரே மாதிரிப் பதில் சொல்கிறார்கள் என்று காட்டும் எண்) பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். அரசியல் கேள்விக்கு அந்த எண்ணை 0.1 என்று எடுத்தால் மிகையில்லை. ஒரு கிராமத்தில் 20 பேர் என்றால் 19 × 0.1 + 1 = 2.9. உங்கள் 400 ஐ 2.9 ஆல் பிரித்தால் 138. அதாவது 400 பேரைக் கேட்ட களைப்பும் 138 பேரைக் கேட்ட பயனும். வழு 5 அல்ல, 8 ஐத் தாண்டுகிறது. அதே 400 ஐ 50 கிராமங்களில் எட்டு எட்டாகப் பிரித்தால் வழு 6.4 க்கு இறங்கும். 100 கிராமங்களில் எட்டு எட்டாக 800 பேர் என்றால் 4.5. பெற்றோல் செலவு கூடும், வேறு வழியில்லை. கிளிநொச்சியில் 95, முல்லைத்தீவில் 136, வவுனியாவில் 102, மன்னாரில் 153, ஆக 486 கிராம அலுவலர் பிரிவுகள் இருக்கின்றன. ஐந்துக்கு ஒன்றாகத் தொட்டால் ஓரளவுக்கு நிம்மதியாக எழுதலாம்.

அடுத்த குழி மாவட்டக் கணக்கு. 2012 குடிசன மதிப்பீட்டில் வவுனியா 1 லட்சத்து 72 ஆயிரம், கிளிநொச்சி 1 லட்சத்து 13 ஆயிரம், மன்னார் ஏறத்தாழ 1 லட்சம், முல்லைத்தீவு 92 ஆயிரம். 400 ஐ இந்த விகிதத்தில் பிரித்தால் முல்லைத்தீவுக்குக் கிடைப்பது 77 பேர். அந்த 77 ஐ வைத்து ‘முல்லைத்தீவு மக்கள் சொல்கிறார்கள்’ என்று தலைப்புப் போடாதீர்கள். மாவட்டம் மாவட்டமாகப் பேச வேண்டுமென்றால் ஒவ்வொன்றிலும் 200 எடுங்கள். மொத்தத்தைக் கூட்டும்போது வவுனியாவின் பதிலை 1.44 ஆலும் முல்லைத்தீவின் பதிலை 0.77 ஆலும் பெருக்கி நிறையைச் சரிசெய்யுங்கள். அப்போதும் ஒரு மாவட்டத்தின் வழு 9 இல் நிற்கும்.

கொழும்பில் இருந்து வரும் வினாக்கொத்துகளில் நாங்கள் திரும்பத் திரும்பக் காணும் பிழை ஒன்றும் இருக்கிறது. வன்னி என்றால் நாங்கள் நாலு மாவட்டத்தைச் சொல்கிறோம். வன்னித் தேர்தல் மாவட்டம் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும்தான், 6 ஆசனம். கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் போகிறது. கிளிநொச்சியின் கரைச்சியில் எடுத்த பதிலைக் கொண்டு வன்னியின் ஆசனத்தைப் பங்கிட்டால் கணக்கு அடியோடு சரியும்.

இன்னும் ஒன்று: வீட்டில் இருப்பவர் எல்லோரும் அங்கே வாக்காளர் அல்ல, வாக்காளர் எல்லோரும் வீட்டில் இல்லை. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல புத்தளத்தில் வாழ்ந்துகொண்டே மன்னாரில் பதிவு வைத்திருக்கின்றன. 2019 ஜனாதிபதித் தேர்தல் நாளில் அப்படிப் புத்தளத்தில் இருந்து மன்னாருக்கு வாக்களிக்க வந்த பஸ்கள் மீது தந்திரிமலைப் பக்கத்தில் துப்பாக்கிச்சூடு நடந்தது. மன்னாரின் முசலியில் வீடு வீடாகப் போகும் கணிப்பு இந்த வாக்குகளைத் தொடவே தொடாது. புத்தளத்துக்கும் ஒரு குழு போக வேண்டும்.

கேள்வி: கிராமத்துக்குள் போனபின் எந்த வீட்டுக்குப் போவது என்பதில்தான் எங்கள் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். விளக்கமாகச் சொல்லுங்கள்.
— களக் குழுப் பொறுப்பாளர், மல்லாவி

பதில்: தடுமாறினால் நல்லது. தடுமாறாதவர்கள் சந்திக் கடையில் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டி, தேத்தண்ணி குடித்தபடி பக்கத்து நாலு வீட்டை முடித்துவிட்டு வருகிறார்கள்.

தொடக்கப் புள்ளியைக் களத்தில் தீர்மானிக்க விடாதீர்கள். அலுவலகத்திலேயே கிராம வரைபடத்தில் எழுமாற்றாக ஒரு புள்ளியைப் போட்டுக் கையில் கொடுங்கள். சந்தி, கோயில், பொதுநோக்கு மண்டபம் மூன்றும் வேண்டாம். அவற்றைச் சுற்றி இருப்பவர்கள் ஊரின் நடப்பறிந்தவர்கள், கூட்டத்துக்குப் போகிறவர்கள். அந்தப் புள்ளியில் தெருவைப் பார்த்து நின்று, இடது கைப்பக்கமாக நடந்து, ஒவ்வொரு ஐந்தாவது படலை. ஒழுங்கை முடிந்தால் திரும்பி வந்து அடுத்த இடது. எண்ணுவது படலையை. கல்வீட்டை மட்டும் எண்ணிக்கொண்டு தகரக் கொட்டிலைத் தாண்டிப் போவதுதான் வழமையான களவு. வீட்டுத்திட்டம் கிடைத்தவரும் கிடைக்காதவரும் அரசியலில் ஒரே மாதிரிப் பேசுவதில்லை என்பதால் இந்தக் களவுக்கு விலை அதிகம்.

பூட்டிய வீடு இரண்டு வகை. வளவு பற்றை பிடித்து, கிணற்றடியில் வாளியும் கயிறும் இல்லாமல் கிடந்தால் அங்கே ஆள் இல்லை. உரித்துக்காரர் யாழ்ப்பாணத்திலோ வெளிநாட்டிலோ இருப்பார். அதை எண்ணாமல் விடலாம். முற்றம் கூட்டியிருந்தால், கொடியில் உடுப்புக் காய்ந்தால் ஆள் வேலைக்குப் போயிருக்கிறார். அந்த வீட்டை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போவதுதான் வன்னிக் கணிப்புகளின் பெரிய ஓட்டை. பகல் பத்து மணிக்கு வீட்டில் இருப்பவர் வயதுபோனவர், கைக்குழந்தைக்காரி, வேலை இல்லாதவர். வயலில் நிற்பவரும் மேசன் வேலைக்குப் போனவரும் விடியப்புறம் ஆடைத்தொழிற்சாலை பஸ் ஏறிய பிள்ளையும் உங்கள் கணக்கில் இல்லை. மூன்று தடவை, மூன்று வேறு நேரத்தில் போக வேண்டும். பின்னேரம் நாலரையில் இருந்து ஆறேகால் வரை, அல்லது ஞாயிறு காலை. இருட்டினபிறகு வேண்டாம். தெரியாத மோட்டார் சைக்கிள் இரவில் படலையில் நின்றால் இன்னும் நெஞ்சு பதறுகிற வீடுகள் இருக்கின்றன. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் திரும்பி வரும்போது யானையும் நிற்கும்.

வீட்டுக்குள் யாரைக் கேட்பது? ‘அவரைக் கேளுங்கோ, அவருக்குத்தான் உது எல்லாம் தெரியும்’ என்று அம்மா ஐயாவைக் காட்டுவார். காட்டும் ஆளை எடுக்கக் கூடாது. ‘கடைசியாகப் பிறந்தநாள் வந்தவர் யார்?’ என்று கேட்டு எடுப்பது நகரத்தில் சரி. இங்கே வயதானவர்கள் அடையாள அட்டைத் திகதி ஒன்று, சாதகத் திகதி ஒன்று வைத்திருப்பார்கள், வாதம் தொடங்கிவிடும். 18 வயதுக்கு மேற்பட்டவர்களை வயது வரிசையில் சொல்லச் சொல்லி ரப்லெற்றில் போட்டால் அது ஒருவரைத் தெரிந்து தரும். அவர் இல்லையென்றால் திரும்பி வருவதுதான் வழி, மாற்று ஆள் இல்லை.

கிராம அலுவலருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள், அவரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அவர் பக்கத்தில் நின்றால் அது அஸ்வெசும என்ற அரச உதவிப்பணத்துக்கான விசாரணை ஆகிவிடும். நிற்காவிட்டாலும் பத்தில் சில வீடுகள் அப்படித்தான் நினைக்கும், ரீவியை மூடி வைக்கும். அதனால் வாயைத் திறந்த முதல் வசனத்திலேயே ‘இதால உங்களுக்கு ஒரு உதவியும் வராது, வாறது நிக்கவும் மாட்டாது’ என்று சொல்லப் பழக்குங்கள்.

கேள்வி: யாருக்குப் போடுவீர்கள் என்று கேட்டால் ‘பாப்பம் தம்பி, எல்லாரும் எங்கட ஆக்கள்தானே’ என்கிறார்கள். உண்மையை எடுப்பது எப்படி?
— பல்கலைக்கழக மாணவர், வவுனியா

பதில்: முதலில், அந்தப் பதிலே ஒரு தரவு. ‘தெரியாது’, ‘சொல்ல விருப்பமில்லை’, ‘முடிவு எடுக்கவில்லை’ மூன்றுக்கும் மூன்று குறியீடு வையுங்கள். மூன்றையும் ஒன்றாக்கி, மிச்சத்தை நூறாக நிரப்பி வெளியிடுகிறவர்கள்தான் தேர்தலுக்கு மறுநாள் ஒளிகிறார்கள்.

எங்களுக்கு மிகவும் கைகொடுத்த முறை மடிச்ச துண்டு. கட்சிச் சின்னங்கள் அச்சிட்ட துண்டு, பென்சில், பூட்டிய சிறு பெட்டி. பதில் சொல்பவர் உள்ளே போய்ப் புள்ளடி போட்டு, மடித்து, தானே பெட்டிக்குள் போட வேண்டும். துண்டில் பிரதேச செயலகப் பிரிவின் எண் மட்டும். வீட்டு இலக்கமோ வினாக்கொத்து இலக்கமோ போட்டால் அவர் அதைத்தான் முதலில் பார்ப்பார். இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை, அந்த வாக்கை அவருடைய வயதோடும் தொழிலோடும் சேர்த்துப் பார்க்க முடியாது என்பது. கொடுக்கலாம்.

நூல்களில் வரும் பட்டியல் முறையைச் சிலர் புதிதாகத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பாதிப் பேருக்கு நாலு கூற்று, மற்றப் பாதிக்கு அதே நாலும் கூச்சமான ஒன்றும். எத்தனையை ஏற்கிறீர்கள் என்று தொகையை மட்டும் கேட்பது. முதல் பாதியின் சராசரி 1.9, மற்றது 2.2 என்று வந்தால் 30 வீதம் பேர் அந்தக் கூச்சமான கூற்றை ஏற்கிறார்கள் என்று பொருள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இரு பக்கமும் 200 பேர் என்றால் அந்த 30 இன் வழு கூடக் குறைய 20. பத்துக்கும் ஐம்பதுக்கும் இடையில் எங்கோ என்பதைச் சொல்ல 400 வீடு ஏறத் தேவையில்லை. இரண்டாயிரம் பேருக்குக் குறைந்த கணிப்பில் இதைத் தொடாதீர்கள். நாணயத்தைச் சுண்டி, ஒரு பக்கம் விழுந்தால் ‘ஆம்’ என்றும் மறுபக்கம் விழுந்தால் உண்மையையும் சொல்லச் சொல்லும் முறை அதைவிட மோசம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வேடிக்கை பார்க்க வந்துவிடும்.

அதற்கு முதல் சாதாரண விசயங்களைச் சரிசெய்யுங்கள். பக்கத்தில் யாராவது நின்றார்களா, யார் என்று ஒவ்வொரு வினாக்கொத்திலும் ஒரு கட்டம் வையுங்கள். மாமியார் நின்ற பதிலையும் நிற்காத பதிலையும் பிரித்துப் பாருங்கள், வித்தியாசம் அங்கேயே தெரியும். வாக்குக் கேள்வியைக் கடைசியில் போடாதீர்கள். காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், இராணுவம் எல்லாம் கேட்டு மனதைக் கலக்கியபிறகு ‘யாருக்கு வாக்கு’ என்றால் வேறொரு பதில் வரும். விளைச்சல், தண்ணி, விலைவாசி என்று ஐந்து நிமிடம் பேசி, வாக்கைக் கேட்டு, பிறகு மற்றதுக்குப் போங்கள்.

கேள்வி: வினாக்கொத்தில் எந்தச் சொல்லைப் போடுவது என்பதில் எங்கள் குழுவுக்குள்ளேயே சண்டை.
— மன்னார் வாசகர் ஒருவர்

பதில்: சண்டை பிடியுங்கள், அதை அலுவலகத்துக்குள் பிடிப்பது மலிவு. ‘காணாமல் போனோர்’ என்று எழுதியிருந்தால் அதே வரியில் செவ்வி முடிந்துவிடும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர் போராட்டத்தில் குந்திய தாய்மார் அந்த ஒரு சொல்லைத்தான் முதலில் திருத்துவார்கள்: போனோர் அல்ல, ஆக்கப்பட்டோர். ‘மீள்குடியேற்றம்’ என்பது சொந்தக் காணிக்குத் திரும்பாமல் வேறிடத்தில் வீடு கொடுக்கப்பட்டவருக்குப் பொருந்தாது. ‘இயக்கம்’, ‘புலிகள்’, ‘அவையள்’ என்று மூன்றில் எதை வாசிக்கிறீர்கள் என்பதை வைத்தே நீங்கள் யார் என்று முடிவுகட்டுவார்கள். முடிந்தால் ஆட்டத்தில் இருந்தே அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ஆண்டைப் போடுங்கள்: ‘2009 க்கு முதல்’.

‘13 ஆவது திருத்தத்தை முழுமையாக நடைமுறைப்படுத்தி சமஷ்டி நோக்கிப் போவதை ஆதரிக்கிறீர்களா?’ என்று ஒரு வினாக்கொத்து எங்கள் கைக்கு வந்தது. இதற்குள் இரண்டு கேள்வி. 1987 இல் மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13 போதும் என்பவரும் சமஷ்டிதான் வேண்டும், 13 ஐத் தொடவே வேண்டாம் என்பவரும் என்ன சொல்வது? ‘சமஷ்டி’ என்ற சொல்லின் சூடு எவ்வளவு என்று அறிய வேண்டுமென்றால் மாதிரியை இரண்டாக்குங்கள். ஒரு பாதிக்குச் சொல்லைப் போடுங்கள். மறுபாதிக்குக் காணி, பொலிஸ், வரி அதிகாரம் மாகாணத்திடம் இருக்க வேண்டுமா என்று உள்ளடக்கத்தைக் கேளுங்கள். சிங்கள மொழிபெயர்ப்பை இன்னொருவரிடம் கொடுத்துத் திரும்பத் தமிழுக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டபிறகே அச்சுக்கு விடுங்கள்.

‘ஆம் – இல்லை’ என்பதையும் குறையுங்கள். வட அயர்லாந்தில் 1990 களின் பின்பகுதியில் ஆய்வாளர் கொலின் இர்வின் நடத்திய சமாதானக் கணிப்புகளில் கேள்விகளைக் கட்சிகளே இருந்து எழுதின. பதில்கள் ஐந்து படியில்: கட்டாயம் வேண்டும், இருந்தால் நல்லது, ஏற்கலாம், பொறுத்துக்கொள்ளலாம், ஏற்கவே முடியாது. இலங்கையிலும் பின்னர் அவர் இதே வழியில் கணிப்பு நடத்தினார். இதில் தங்கம் ‘பொறுத்துக்கொள்ளலாம்’ என்ற படி. யாரும் விரும்பாத, ஆனால் இரு பக்கமும் பொறுக்கக்கூடிய தீர்வு எது என்பது ஆம் – இல்லையில் ஒருபோதும் தெரியாது.

கேள்வி: கணிப்புக்குப் போன வீட்டில் ஒரு அக்கா தன் காணி பிடிபட்ட கதையை முழுக்கச் சொன்னார். நான் பத்திரிகைக்கும் எழுதுகிறேன். அதைச் செய்தியாக்கலாமா? புலனாய்வுக்காரர் வந்து பட்டியல் கேட்டால் என்ன செய்வது?
— பெயர் வேண்டாம், புதுக்குடியிருப்பு

பதில்: ஆக்கக் கூடாது. இரண்டு தொழிலும் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். செய்திக்குப் பெயர்தான் உயிர். பெயர், ஊர், திகதி இல்லாத முறைப்பாட்டை எந்த ஆசிரியரும் போட மாட்டார். கணிப்புக்குப் பெயர் விசம். ‘உங்கட பேர் எழுத மாட்டன்’ என்று சொல்லி வாங்கியதை நாலு நாளில் பத்திரிகையில் கண்டால், அந்தக் கிராமத்தில் இனி எந்தக் கணிப்பும் நடக்காது. செவ்வியை முடியுங்கள். களவேலை முழுவதும் முடிந்து, கணிப்பும் வெளியானபிறகு, வேறொரு நாள், வேறு கொப்பியோடு போய், ‘அக்கா, இப்ப நான் பத்திரிகைக்கு எழுத வந்திருக்கிறன்’ என்று புதிதாகத் தொடங்குங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆவணம் தேவையென்றால் அக்காவின் பெயரை இழுக்காமல் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்திடம் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

பட்டியல் விசயத்தில் ஒரே பாதுகாப்பு, கொடுக்கப் பட்டியலே இல்லாமல் இருப்பது. அடையாள அட்டை இலக்கத்தை ஒருபோதும் வாங்காதீர்கள். திரும்ப அழைத்துச் சரிபார்க்கத் தொலைபேசி இலக்கம் தேவைப்படும். அதை வேறு படிவத்தில், வேறு கோவையில் வைத்து, சரிபார்த்த வாரமே அழியுங்கள். ரப்லெற் பிடிக்கும் ஜீ.பி.எஸ் புள்ளி இன்னும் ஆபத்து, அது வீட்டுக் கூரையையே காட்டிக்கொடுக்கும். பிள்ளைகள் உண்மையாகப் போனார்களா என்று பார்த்தவுடன் அந்தப் பத்தியை நீக்கி, பிரிவின் எண்ணை மட்டும் வையுங்கள். கோபோவில் படிவத்தை மறைகுறியாக்கும் வசதி உண்டு, தொடக்கத்திலேயே போடுங்கள். அனுப்பிய படிவம் சாதனத்தில் தங்காமல் அழிய வையுங்கள். ரப்லெற்றில் உங்கள் சொந்த வட்ஸ்அப்போ செய்திப் படங்களோ இருக்கக் கூடாது.

விசாரித்து வந்தால் வெற்று வினாக்கொத்தைக் கொடுங்கள், நிறுவனக் கடிதத்தைக் காட்டுங்கள், வந்தவரின் பெயரையும் நேரத்தையும் குறித்து அன்றே ஆசிரியருக்கும் ஒரு சட்டத்தரணிக்கும் அறிவியுங்கள். இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 1979 ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழல் இங்கே நீண்டது. 2020 ஒக்டோபரில் முல்லைத்தீவு முறிப்பில் சட்டவிரோத மரம் வெட்டைப் படமெடுக்கப் போன இரண்டு ஊடகவியலாளர்கள் தாக்கப்பட்டார்கள். அதைச் செய்தது மரக் கடத்தல்காரர். சீருடை மட்டும்தான் ஆபத்து என்று நினைத்துப் போகிறவர் மற்றப் பக்கத்தைக் கவனிக்காமல் விடுகிறார்.

கேள்வி: கொழும்பில் எடுத்த கணிப்பை ‘வன்னியில் யாருக்கு ஆதரவு’ என்று எங்கள் இணையத்தளம் வெட்டிப் போட்டது. நியாயமா?
— வாசகர், செட்டிகுளம்

பதில்: 2024 ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுவதும் பதிவான வாக்காளர் 1 கோடி 71 லட்சம், வன்னித் தேர்தல் மாவட்டத்தில் 3 லட்சத்து 6 ஆயிரம். 1,000 பேரைக் கேட்ட நாடளாவிய கணிப்பில் வன்னிக்கு விழுவது 18 பேர். பதினெட்டுப் பேர் ஒரு தட்டிவானுக்கும் காணாது. அந்தத் தேர்தலில் நாடு முழுவதற்கும் அநுர குமார திசாநாயக்க முதலில் வந்தார். வன்னியில் சஜித் பிரேமதாச முதலில் வந்தார். இரண்டு மாதம் கழித்துப் பாராளுமன்றத் தேர்தலில் இதே வன்னியில் அநுரவின் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பிடித்து 2 ஆசனம் எடுத்தது. செப்டெம்பரில் எடுத்த நல்ல கணிப்பும் நவம்பருக்கு உதவாது.

வெளியிடும்போது பெட்டிச் செய்தியில் இவை வேண்டும்: யார் காசு கொடுத்தது, எந்தத் திகதிகளில், எத்தனை பேர், எத்தனை கிராமம், எப்படித் தெரிந்தது, எத்தனை வீடு மறுத்தது, கேட்ட கேள்வி சொல்லுக்குச் சொல். வழு 5 ஆக இருக்கும்போது 42 உம் 39 உம் முந்துதல் அல்ல, சமம். பிரசாரம் ஓயும் கடைசி 48 மணி நேரத்தில் கணிப்பை வெளியிடாதீர்கள். தேர்தல்கள் ஆணைக்குழு ஒவ்வொரு தேர்தலுக்கும் விடும் ஊடக வழிகாட்டியை அந்தந்த முறை எடுத்து வாசியுங்கள்.

கேள்வி: முடிவு பிடிக்காவிட்டால் அடிக்க வருவார்களா?
— மாணவர், முழங்காவில்

பதில்: வருவார்கள். பலஸ்தீன அரசறிவியலாளர் கலீல் ஷிகாக்கி 2003 யூலையில் ரமல்லாவில் ஒரு கணிப்பை வெளியிட இருந்தார். மேற்குக் கரை – காஸா, ஜோர்தான், லெபனான் மூன்றிலும் 4,500 அகதிக் குடும்பங்களைக் கேட்டது. பழைய ஊருக்குத் திரும்பும் உரிமையை விட்டுக்கொடுக்கக் கிட்டத்தட்ட யாரும் ஆயத்தமில்லை, ஆனால் இஸ்ரேலுக்குள் போய் வாழத் தெரிந்தவர்கள் பத்து வீதம் பேர்தான். ‘உரிமையை விற்றுவிட்டார்’ என்று கூட்டம் அலுவலகத்துக்குள் புகுந்து பொருட்களை உடைத்தது, அவர் மீது முட்டை அடித்தது. உரிமை வேண்டுமா என்பதும் அதை எப்படிப் பயன்படுத்துவீர்கள் என்பதும் இரண்டு கேள்வி. வெளியிடும்போது முதலாவதை முன்னுக்கும் இரண்டாவதை அதன் கீழும் போட வேண்டும். சொந்தக் காணியா, கொடுத்த வீடா என்று, இராணுவம் காணி பிடித்த கேப்பாப்புலவில் கேட்கப்போகிறவர் இதை மறக்கக் கூடாது. 2006 இல் அதே பலஸ்தீனத்தில் வாக்குச்சாவடி வாசல் கணிப்புகள் பதாஹ் கட்சி முன்னால் என்றன, ஹமாஸ் 132 இல் 74 ஆசனத்தை எடுத்தது. வாக்குப் போட்டுவிட்டு வெளியே வருகிறவரும் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறார்.

கேட்காமல் விட்டதும் ஒரு பிழைதான். 2001 இல் கொழும்பு ஆய்வு நிறுவனமான மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தொடங்கிய சமாதான நம்பிக்கைச் சுட்டி என்ற கருத்துக்கணிப்பு சமாதான காலம் முழுவதும் மேற்கோள் காட்டப்பட்டது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் அதன் மாதிரிக்குள் இல்லை. அதாவது கட்டுப்பாட்டு எல்லையாக இருந்த ஓமந்தைக்கு அப்பால் என்ன நினைத்தார்கள் என்பது அந்த எண்களில் இல்லை. அந்தப் பழைய அட்டவணைகளை இன்று எடுத்து எழுதுகிறவர்கள் அடிக்குறிப்பையும் சேர்த்து எழுத வேண்டும்.

கேள்வி: தொலைபேசியில் கேட்டால் செலவு குறையுமே? பிள்ளைகளுக்கு வினாக்கொத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுக்கலாமா?
— கனகராயன்குளம் வாசகர்

பதில்: கைத்தொலைபேசி இலக்கத்தின் முன் மூன்று எண் கம்பனியைச் சொல்லும், ஊரைச் சொல்லாது. நாலு மாவட்டமும் சேர்ந்து நாட்டின் குடித்தொகையில் 2.3 வீதம். எழுமாற்றாக அடித்து 1,000 பேர் எடுத்தாலும் 23 பேர்தான் நம்மூர். 023 மன்னார், 024 வவுனியா என்று வீட்டு இணைப்பைப் பிடித்தால் கச்சேரியும் கடையும்தான் அகப்படும். முன்பு நேரில் சந்தித்து இலக்கம் தந்தவர்களை மறுபடி அழைப்பதற்கு மட்டும் தொலைபேசி நல்லது.

வினாக்கொத்துக் கணக்கில் காசு கொடுத்தால் வேப்பமரத்துக்குக் கீழே இருந்து நிரப்புவார்கள். நாட்கூலி கொடுங்கள், ஒரு நாளைக்கு ஆறுக்கு மேல் வேண்டாம் என்று கட்டுப்படுத்துங்கள். இருபது நிமிட வினாக்கொத்து எட்டு நிமிடத்தில் முடிந்திருந்தால், நாலு படிவத்தின் ஜீ.பி.எஸ் ஒரே புள்ளியில் இருந்தால், ஒரு பக்கம் முழுக்க ‘ஓரளவு திருப்தி’ என்றிருந்தால், வயதெல்லாம் 30, 35, 40 என்று முடிந்தால் அந்தப் பிள்ளையின் அன்றைய வேலை முழுவதையும் ஒதுக்கிவிட்டு வேறொருவரை அனுப்புங்கள். நூற்றுக்குப் பதினைந்து வீட்டையாவது திரும்ப அழைத்து ‘ஆரும் வந்தவையோ, எவ்வளவு நேரம் இருந்தவை?’ என்று கேளுங்கள். களவேலைக்கு மாதம் பார்க்கும்போது ஒக்டோபர் கடைசியில் இருந்து டிசெம்பர் வரை வேண்டாம். காலபோக விதைப்பும் மழையும், உள் ஒழுங்கைகளில் மோட்டார் சைக்கிள் இறங்காது. தை மாசி அறுவடையில் வீட்டில் ஆள் இல்லை. பங்குனி பிறந்தபிறகு போங்கள், வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் கிழமையை மட்டும் விட்டுவிடுங்கள்.